முன்னணிக்குப் போகாத படை: ஜான்சி ராணி ரெஜிமென்ட், 1943–45

1943 ஜூலை 12. சிங்கப்பூரில் 20 பெண்கள் சேலை கட்டிக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு வரிசையில் நின்றார்கள். பட்டாளத்தில் '.303' என்று சொல்லும் ரைபிள் அது. ஏறக்குறைய நாலு கிலோ கனம். ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு அரை மைல் நடக்கிற பெண்ணுக்கு நாலு கிலோ பெரிய பாரம் இல்லைதான். ஆனால் இது இடுப்பில் வைக்கிற பாரமில்லை. நெஞ்சுக்கு நேரே நிமிர்த்தி, கை நடுங்காமல், அடுத்தவர் சொல்லும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். சில நாள் பயிற்சிதான் கிடைத்திருந்தது. சுபாஷ் சந்திர போஸ் வந்து இறங்கியதும் அந்த 20 பேரும் ராணுவ மரியாதை செலுத்தினார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்னால், ஜூலை 9ஆம் தேதி, பாடாங் திடலில் கூடிய பெருங்கூட்டத்தில் போஸ் ஒரு கோரிக்கை வைத்திருந்தார். ஜப்பானியர் துணையோடு பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.), 1857இல் வாளெடுத்த ஜான்சி ராணியின் பெயரில் ஒரு பெண்கள் படை வேண்டும், அது துப்பாக்கி தூக்கிச் சண்டை போடும் படையாக இருக்க வேண்டும் என்றார். நர்சுகள் படை என்றோ துணைப்படை என்றோ அவர் சொல்லவில்லை. கூடியிருந்த பலருக்கு அது மேடைப் பேச்சாகத்தான் பட்டிருக்கும். மூன்றே நாளில் 20 பேரைத் திரட்டி நிறுத்தியவர் 28 வயது டாக்டர் லட்சுமி சுவாமிநாதன்.

இந்தப் படையைப் பற்றித் தமிழில் நாம் பேசுவது பெரும்பாலும் இரண்டு பெயர்களோடு முடிந்துவிடுகிறது: நேதாஜி, கேப்டன் லட்சுமி. கொஞ்சம் படித்தவர்கள் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வார்கள்: "ஆனால் அவர்கள் போர்முனைக்குப் போகவே இல்லையே." இந்த 'ஆனால்' எனக்கு உறுத்துகிறது. இவர்கள் எங்கிருந்து வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று நிதானமாகப் பார்த்தால் அந்தச் சொல் நிற்காது என்பது என் கருத்து. அதனால்தான் இந்த ஆய்வு.

கித்தா காட்டிலிருந்து

முதலில் லட்சுமி. 1914இல் பிறந்தவர், சென்னைப் பெண். அப்பா சுவாமிநாதன் பேர்பெற்ற வக்கீல். அம்மா அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர். தங்கை மிருணாளினி சாராபாய் நடனக் கலைஞர். லட்சுமி 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, 1940இல் சிங்கப்பூர் போனார். அங்கே ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துவந்தார். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. படைக்குத் தலைமை ஏற்கும்படி போஸ் கேட்டபோது லட்சுமி தயங்கவில்லை.

அவருக்குப் பின்னால் வந்து நின்றவர்கள் எல்லோரும் வக்கீல் வீட்டுப் பெண்கள் அல்ல. பஞ்சாபி, மலையாளி, வங்காளி, குஜராத்தி என்று எல்லோரும் இருந்தாலும், பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். அவர்களில் நிறைய பேர் ரப்பர் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளிலிருந்து, வந்தவர்கள். அங்கே கித்தா காடு என்பார்கள். பொழுது விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் பால்மரம் வெட்டி, வாளியில் பால் சேர்த்து, தராசுக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுக்கிற வேலை. ஆள் மேய்க்கும் கங்காணி, கணக்கெழுதும் கிராணி, அவர்களுக்கு மேலே வெள்ளைக்கார துரை. 1920களின் கடைசியில் ஒரு நாள் கூலி ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. மரம் ஒன்றுதான், கத்தியும் ஒன்றுதான், கூலி மட்டும் வேறு.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால் அந்த வாழ்க்கை புரியும். கூலி உயர்வு கேட்டார்கள். அதோடு, துரையையோ அதிகாரியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். எங்கள் பெண்களிடம் கை வைப்பதை நிறுத்துங்கள் என்றும் கேட்டார்கள். கேட்டதற்குப் பதிலாக ராணுவம் வந்தது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தத் துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதைப் பார்த்து வளர்ந்த பெண்கள், இரண்டே வருஷத்தில் துப்பாக்கியைத் தங்கள் கையில் வாங்கினார்கள். இந்த ஒன்றை மனதில் வைக்காமல் ஜான்சி ராணிப் படையைப் புரிந்துகொள்ள முடியாது.

அப்புறம் ஜப்பான்காரன் காலம். அரிசி கிடைக்காது, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. வாழைமரப் படம் போட்ட நோட்டு மூட்டை மூட்டையாக இருந்தும் மதிப்பில்லை. எல்லாவற்றிலும் கொடுமை, சயாம் மரண ரயில். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை போட ஜப்பானியர் மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்கள் சுமார் 75,000 பேர், பெரும்பாலோர் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். தோட்டத்துக்குத் தோட்டம் அப்பனோ அண்ணனோ இல்லாமல் போன வீடுகள். அந்தப் பாதை 1943 அக்டோபர் 17இல் இணைக்கப்பட்டது. அதற்கு ஐந்தாம் நாள், அக்டோபர் 22இல், சிங்கப்பூரில் பெண்கள் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

பசிக்காகவும் பயத்துக்காகவும் சேர்ந்தார்கள் என்று சிலர் குறைத்துச் சொல்வதுண்டு. சேர்ந்திருக்கலாம். பசிக்காகப் பட்டாளத்தில் சேர்ந்த ஆண்களால்தான் உலகத்துப் பாதிப் படைகள் நிரம்பின. அவர்களை யாரும் சிப்பாய் இல்லை என்று சொன்னதில்லை.

வசதியான வீட்டுப் பெண்களும் வந்தார்கள். கோலாலம்பூரில் போஸ் பேசக் கேட்ட ஜானகி தேவர், காதிலும் கழுத்திலும் கிடந்த நகைகளை அங்கேயே கழற்றிக் கொடுத்தார். அப்போது அவர் பதின்வயதைத் தாண்டாத பெண். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துச் சகோதரிகள் பொன்னம்மா, ராசம்மா இருவரும் சேர்ந்தார்கள். ராசம்மாவுக்கு வயது 16. லட்சுமி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தயங்கிய பெற்றோரின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினார். சுதந்திரத்துக்குப் போராடப் போகிற பெண், முதலில் தன் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது.

வாட்டர்லூ தெரு

முகாம் வாட்டர்லூ தெருவில் அமைந்தது. ஜப்பானியருக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. இருக்கிற ஆயுதமும் தோட்டாவும் ஆண்களுக்கே போதாதபோது பெண்களுக்கு எதற்கு என்பது அவர்கள் வாதம். இடமும் பொருளும் அவர்களிடமிருந்து எளிதில் கிடைக்கவில்லை. சிங்கப்பூர் இந்திய சுதந்திர லீக்கின் தலைவராக இருந்த எல்லப்பா முன்னின்று, இந்தியர்களின் நன்கொடையைக் கொண்டு முகாமைத் தயார் செய்தார்.

முகாம் திறப்பதற்கு முதல் நாள், அக்டோபர் 21இல், போஸ் தற்காலிக ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்திய) அரசை அறிவித்திருந்தார். அதில் ஒரே பெண் அமைச்சர் லட்சுமி. முதல் அணியில் ஏறக்குறைய 170 பேர். சேலை போய்க் காக்கிச் சட்டையும் கால்சட்டையும் பூட்சும் வந்தன. லட்சுமி கூந்தலை வெட்டிக்கொண்டார். பலர் அவரைப் பார்த்து வெட்டிக்கொண்டார்கள். தலைமுடியை வெட்டுவதென்றால் துக்கம் என்று பழகிய வீடுகளின் பெண்கள் அவர்கள். அந்தக் கத்தரிக்கோல் சத்தம் துப்பாக்கிச் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

பயிற்சியில் சலுகை எதுவும் இல்லை. கவாத்து, நெடுநடை, ரைபிள், துப்பாக்கி முனைக் கத்திச் சண்டை, கையெறி குண்டு எல்லாம் உண்டு. கட்டளை இந்துஸ்தானியில். தமிழ் மட்டுமே தெரிந்த தோட்டத்துப் பெண்களுக்கு அது புது மொழி. ரோமன் எழுத்தில் எழுதி மொழி கற்றுக்கொடுத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் வந்தவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். படிப்புக்கு ஏற்பப் பதவி கொடுத்ததால் பள்ளிக்கூடம் போன பெண்கள் மேலே, தோட்டத்துப் பெண்கள் கீழே என்று ஒரு கோடு விழுந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சோறு ஒரே பானையில் வெந்தது. தூங்கியது ஒரே கூரையின் கீழ். ஜாதி பார்த்துத் தண்ணீர் தந்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

1944 மார்ச் 30இல் சிங்கப்பூர் முகாமின் முதல் பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடந்தது. அணியில் 500 பேர். ரங்கூனிலும் பாங்காக்கிலும்கூட முகாம்கள் இருந்தன. சுமார் 200 பேர் நர்சிங் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அந்தப் பிரிவுக்கு, அகமது நகரைக் காத்த சாந்த் பீபியின் பெயர்.

இதே காலத்தில் எதிர்ப்பக்கத்திலும் இந்தியப் பெண்கள் சீருடையில் இருந்தார்கள். 1942இல் பிரிட்டிஷ் இந்திய அரசு தொடங்கிய பெண்கள் துணைப்படையில் 11,000க்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். தட்டச்சு, தொலைபேசி, கணக்கு, மறைகுறி என்று வேலை. ஆயுதம் கிடையாது. அவர்கள் உழைப்பும் லேசானதில்லை. ஆனால் பெண்ணைச் சண்டைக்கென்றே சேர்த்து, சண்டைக்கென்றே பழக்கியது ஜான்சி ராணிப் படைதான்.

மேமியோவில் காத்திருந்தவர்கள்

படைப் பிரிவுகள் 1944இல் பர்மாவுக்குப் புறப்பட்டன. போன வழி, அதே சயாம் ரயில் பாதை. சரக்கு வண்டிப் பெட்டிகளில், குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் ஊர்ந்து, பாலங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தத் தண்டவாளத்துக்குக் கட்டை போட்டவர்களில் அவர்கள் தோட்டத்து மனிதர்கள் இருந்தார்கள். கட்டைக்குப் பக்கத்திலேயே புதைந்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பயணத்தை நினைக்கும்போது இந்தப் படையின் முழுக்கதையும் அந்த ஒரு பெட்டிக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது.

பர்மாவிலிருந்து இந்தியாவுக்குள் நுழைய ஜப்பானியரும் ஐ.என்.ஏ.வும் நடத்திய இம்பால் தாக்குதல் மார்ச்சில் தொடங்கியிருந்தது. ஏறக்குறைய 100 ராணிகள் (படையில் இருந்தவர்களை அப்படித்தான் அழைத்தார்கள்) மலை ஊரான மேமியோவுக்கு நகர்த்தப்பட்டார்கள். திட்டம் இதுதான்: இம்பால் விழுந்ததும் வங்கச் சமவெளிக்குள் நுழையும் முன்னணி அணியில் பெண்களும் இருப்பார்கள். எதிரே நிற்கப்போவது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் இந்தியச் சிப்பாய்கள். சொந்த நாட்டுப் பெண்கள் துப்பாக்கியோடு வருவதைப் பார்த்தால் அவர்கள் பக்கம் மாறுவார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது.

இம்பால் விழவில்லை. மழை வந்தது. ஜப்பானிய ராணுவத்தின் உணவு வழி அறுந்தது. ஜூலையில் பின்வாங்கும் உத்தரவு. அதுவரை போர்முனைக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள் ராணிகள். ரத்தத்தால் கையெழுத்திட்டு நேதாஜிக்கு மனு கொடுத்ததை அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். எனவே 'போகவில்லை' என்பது சரியான வினைச்சொல் இல்லை. 'அனுப்பப்படவில்லை' என்பதே சரி. அனுப்பாததற்குக் காரணம் அவர்கள் பெண்கள் என்பதும் இல்லை. போக ஒரு முன்னணியே மிஞ்சவில்லை.

வந்தது வேறு வேலை. மலேரியாவிலும் சீதபேதியிலும் எலும்பும் தோலுமாகக் காட்டிலிருந்து திரும்பிய ஐ.என்.ஏ. வீரர்கள் மேமியோவிலும் மோனிவாவிலும் குவிந்தார்கள். மருந்தில்லை, கட்டுத்துணியில்லை. துப்பாக்கி முனைக் கத்தி பழகிய கைகள் புண்ணைக் கழுவின. ரங்கூனில் இருந்தவர்களும் மருத்துவமனை வேலையில் இறங்கினார்கள். அந்த நகரத்தின் மேல் விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்தன.

பின்வாங்கிய வழி

ஒரு படை எப்படிப்பட்டது என்பது முன்னேறும்போது தெரியாது, பின்வாங்கும்போது தெரியும். ராணுவத்தில் இருந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கட்டளை குலைந்து, சோறு நின்று, அவனவன் உயிர் அவனவனுக்கு என்று ஆகிற நேரம் அது.

1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூன் கைவிடப்பட்டது. பர்மாவில் வீடு உள்ள பெண்கள் அனுப்பிவைக்கப்பட்டார்கள். மலாயாவிலிருந்து வந்தவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் தான் கிளம்ப மாட்டேன் என்று போஸ் பிடிவாதமாக இருந்தார். ஏப்ரல் 24ஆம் தேதி இரவு லாரிகள் புறப்பட்டன. பெண்கள் அணிக்குப் பொறுப்பு ஜானகி. வயது 20.

லாரிகள் சேற்றில் புதைந்தன, உடைந்தன, குண்டுக்கு இரையாயின. சித்தாங் ஆற்றைக் கடந்தபின் பெரும்பாலும் நடை. பகலில் மரத்தடியிலும் புதரிலும் படுத்திருப்பது, விமானச் சத்தம் கேட்டால் தரையோடு ஒட்டிக்கொள்வது, இருட்டியதும் நடப்பது. முதுகில் மூட்டை, தோளில் ரைபிள், நனைந்த பூட்ஸ். போஸும் கூடவே நடந்தார். அவர் பாதங்கள் கொப்புளித்துப் போயின. வேறு அணியொன்று போன ரயில் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. அதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு ராணிகள் இறந்தார்கள். மே மாதத்தில் பாங்காக் வந்துசேர்ந்து, அங்கிருந்து மலாயாவுக்கு ரயிலேறினார்கள்.

அணி கலையவில்லை. ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடவில்லை. ஜெனரல்கள் நடத்திய படைகளே சிதறிய அந்த மாதத்தில், 20 வயதுப் பெண் தலைமையில் பதின்வயதுப் பெண்கள் வரிசை பிசகாமல் வந்துசேர்ந்தார்கள். சண்டை போட்டார்களா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த மூன்று வாரத்தைத்தான்.

லட்சுமி அந்த அணியில் இல்லை. அவர் பர்மாக் காட்டில் நோயாளிகளோடு தங்கிவிட்டார். பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, 1946 மார்ச்சில்தான் இந்தியா அனுப்பப்பட்டார்.

75 வருஷம் கழித்து

சுதந்திர இந்தியா 1950இல் ராணுவச் சட்டம் இயற்றியது. அதன் 12ஆம் பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவிக்கும் பிரிவுகள் தவிர மற்றவற்றில் பெண்கள் சேரத் தகுதியற்றவர்கள் என்றது. நர்சிங்கும் மருத்துவமும் திறந்திருந்தன. மற்ற கதவுகள் 1992 வரை மூடியே கிடந்தன. நேதாஜிக்குச் சிலை வைத்த நாடு, அவர் 1943இல் செய்ததைச் செய்ய 49 வருஷம் எடுத்துக்கொண்டது. 1992இல் சேர்ந்த முதல் அணி 25 பெண்கள். பயிற்சி சென்னையில், பரங்கிமலையை ஒட்டிய அதிகாரிகள் பயிற்சி அகாடமியில். 1993 மார்ச்சில் அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். ஆனால் குறுகிய காலப் பணிதான். ஆண்களுக்குக் கிடைத்த நிரந்தரப் பணி இவர்களுக்கு இல்லை.

அதற்காக அந்த அதிகாரிகள் வழக்காடினார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு எழுதிக்கொடுத்த வாதங்களில் ஒன்று: சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்து ஆண்கள், பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பழகவில்லை. தாய்மை, உடல் வலு பற்றிய வாதங்களும் இருந்தன. 2020 பிப்ரவரி 17இல் நீதிபதிகள் சந்திரசூட், அஜய் ரஸ்தோகி அமர்வு இவற்றை ஏற்கவில்லை. நிரந்தரப் பணி தர வேண்டும், தலைமைப் பொறுப்புகளிலிருந்து பெண்களை ஒட்டுமொத்தமாக விலக்கக் கூடாது என்றது. காலாட்படை போன்ற நேரடிப் போர்ப் பிரிவுகள் அந்த வழக்கில் வரவில்லை.

அந்த வாதத்தைப் படித்தபோது எனக்கு வாட்டர்லூ தெருதான் நினைவுக்கு வந்தது. ராணிகளுக்கு ரைபிள் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பயிற்றுநர்கள் ஐ.என்.ஏ. ஆண்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து வந்தவர்கள்; நம் கிராமங்களில் பிறந்தவர்கள். மேமியோவில் படுத்துக்கிடந்தவர்களும் அதே கிராமத்து ஆண்கள்தான். டாக்டராகவும் கேப்டனாகவும் லட்சுமி சொன்னதைக் கேட்டுத்தான் அவர்கள் பிழைத்தார்கள்.

திரும்பிய பிறகு

லட்சுமி 1947இல் ஐ.என்.ஏ. அதிகாரி பிரேம் சாகலைத் திருமணம் செய்து கான்பூரில் குடியேறி, ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மாநிலங்களவை உறுப்பினரானார். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தார். 2012 ஜூலை 23இல் இறந்தபோது, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜானகி மலாயாவில் 1946இல் மலாயா இந்திய காங்கிரஸ் உருவானபோது முன்னின்றவர்களில் ஒருவர். பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினர். 2000இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது.

தோட்டத்துப் பெண்களுக்கு இப்படி எழுத வரிகள் இல்லை. பெரும்பாலோர் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு லயத்துக்கே திரும்பினார்கள். மறுபடி பால்மரம், மறுபடி தராசு, மறுபடி துரை. அவர்கள் பெயர்களை யாரும் முறையாகத் தொகுத்து வைக்கவில்லை. எத்தனை பேர் என்ற எண்ணே நூலுக்கு நூல் மாறுகிறது. சேலைத் தலைப்பால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மரம் வெட்டும் ஒரு கிழவி, ரைபிளைக் கழற்றி மாட்டத் தெரிந்தவளாக இருந்திருப்பாள். பக்கத்து நிரையில் வெட்டுகிறவளுக்கும் அது தெரிந்திருக்காது.

ராசம்மா ஆசிரியரானார். அப்போது மலாயாவில் ஒரே பாடத்தை ஒரே வகுப்பில் நடத்தினாலும் ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், பெண் ஆசிரியருக்கு அதைவிடக் குறைவான சம்பளம். 1960இல் அவர் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, அதன் முதல் தலைவராகி, சம ஊதியம் கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்.